நிப்பிள் ஷீல்டு: பிள்ளை சப்புகிறது, பால் போகிறதா?

பிரசவ வார்டில் மூன்றாம் நாள் ராத்திரிதான் பொல்லாதது. பார்க்க வந்த சொந்தங்கள் ஊர் திரும்பியிருப்பார்கள். தையல் வலி விட்டிருக்காது. பால் இறங்கி மார்பு இரண்டும் கல்லாகக் கட்டியிருக்கும். பிள்ளை வாயைத் திறந்து காம்பைத் தேடும், பிடிக்கும், வழுக்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிடும். "காம்பே எடுப்பா இல்லையே, புள்ள எதப் புடிக்கும்?" என்பார் மாமியார். "பால் பத்தலயோ என்னவோ, கொஞ்சம் பவுடர் பால் கரைச்சுக் குடுப்பமா?" என்பார் அம்மா. நடுவில் யாரோ ஒருவர், பக்கத்துக் கட்டில்காரியோ போனில் பேசும் நாத்தனாரோ, நிப்பிள் ஷீல்டு என்று ஒன்று இருப்பதைச் சொல்வார். மறுநாளே சில நூறு ரூபாய்க்கு அது கைக்கு வந்துவிடும்.

பெட்டியைத் திறந்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. கண்ணாடி மாதிரி தெளிவான மெல்லிய சிலிக்கான். நடுவில் காம்பு வடிவத்தில் எழும்பிய முனை, அதன் நுனியில் சில பொடித் துளைகள். சுற்றிலும் அகன்ற விளிம்பு. அதில் ஒரு பக்கம் மட்டும் வெட்டி எடுத்திருப்பார்கள், பிள்ளையின் மூக்கு அம்மாவின் தோலில் படட்டும் என்று. மார்பின் மேல் இதை வைத்ததும் பல பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கின்றன. அழுகை நிற்கிறது. அறையில் இருக்கும் எல்லாருக்கும் மூச்சு வருகிறது. கேட்க வேண்டிய கேள்வி அந்த நிமிஷத்தில்தான் தொடங்குகிறது. பிள்ளை சப்புகிறது, சரி, பால் போகிறதா?

சப்புவதும் குடிப்பதும் ஒன்றல்ல. வெறும் விரலைக் கொடுத்தாலும் பிறந்த பிள்ளை சப்பும். இந்த வித்தியாசம் புரியாமல் ஷீல்டை நல்லது என்பதிலும் அர்த்தமில்லை, கெட்டது என்பதிலும் அர்த்தமில்லை.

மார்பிலிருந்து பால் எப்படி வெளியே வருகிறது என்பதே வெகுகாலம் அரைகுறையாகத்தான் தெரிந்திருந்தது. பிள்ளை நாக்கால் காம்பை அண்ணத்தோடு அழுத்திக் கறக்கிறது என்று பாடப் புத்தகங்கள் சொல்லிவந்தன. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் டோனா கெடஸ் குழுவினர், பால் குடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் தாடைக்கு அடியில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் பார்த்தார்கள். மெல்லிய குழாய் ஒன்றால் வாய்க்குள் இருக்கும் வெற்றிடத்தையும் கூடவே அளந்தார்கள். 2008இல் வெளியான அந்த முடிவின்படி, நாக்கு மேலே எழும்பி அழுத்தும்போது அல்ல, கீழே இறங்கும்போதுதான் பால் பாய்கிறது. நாக்கு இறங்க இறங்க வாய்க்குள் வெற்றிடம் கூடுகிறது. உச்சத்தில் அது சராசரியாக 145 மில்லிமீட்டர் பாதரச அளவு. நாக்கு மேலே இருக்கும்போதும் 64 மில்லிமீட்டர் அளவுக்கு ஓர் இழுப்பு விடாமல் இருந்துகொண்டிருக்கிறது. காம்பை வாயிலிருந்து நழுவாமல் பிடித்து வைத்திருப்பது இந்த அடிப்படை இழுப்புதான். பிறந்து சில நாளே ஆன பிள்ளைக்கு இது லேசான வேலை இல்லை.

இந்த இழுப்பு சரியாக வேலை செய்யக் காம்பு மட்டும் வாய்க்குள் போனால் போதாது. சுற்றியிருக்கும் கருவட்டத்தில் ஒரு பெரும்பகுதியும் சேர்ந்து போக வேண்டும். நன்றாகப் பிடித்த பிள்ளையின் வாய்க்குள் காம்பு நீண்டு, கடின அண்ணம் முடிந்து மென்மையான அண்ணம் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் வரை போய்விடுகிறது. அங்கே அது நசுங்குவதில்லை. நுனியை மட்டும் கவ்வினால் ஈறுக்கும் கடின அண்ணத்துக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. பால் கொடுத்து முடித்தபின் காம்பு ஒரு பக்கம் சப்பையாக, நுனி வெளுத்துப்போய் வெளியே வந்தால், பிடி சரியில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. காம்பு வெடிப்புகளில் பெரும்பாலானவை இப்படி வந்தவையே.

தாய் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. காம்பிலும் கருவட்டத்திலும் உள்ள நரம்புகள் தூண்டப்பட்டால் மூளையிலிருந்து ஆக்சிடோசின் சுரந்து, மார்பின் பால் பைகளைச் சுற்றியிருக்கும் மெல்லிய தசைகளை இறுக்கிப் பாலைத் தள்ளிவிடுகிறது. புரோலாக்டின் பாலை உண்டாக்குகிறது. முதல் சில நாட்களுக்குப் பிறகு இவற்றைவிடக் கண்டிப்பான விதி ஒன்று ஆட்சிக்கு வருகிறது: எவ்வளவு பால் வெளியேறுகிறதோ அவ்வளவுதான் ஊறும். மார்பில் பால் தேங்கினால், வேண்டாம் போலிருக்கிறது என்று உடம்பே உற்பத்தியைக் குறைத்துவிடும்.

இந்த ஏற்பாட்டின் நடுவில் ஒரு சிலிக்கான் உறையை வைக்கிறோம். லாபம் தெளிவானது. உறையின் முனை விறைப்பாக இருப்பதால் அண்ணத்தில் நன்றாகப் படுகிறது; சப்பும் அனிச்சைச் செயல் தூண்டப்படுகிறது. பிள்ளை களைத்துப்போய் இழுப்பை விட்டாலும் முனை வாய்க்குள்ளேயே நிற்கிறது. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. நஷ்டம் அவ்வளவு சுலபமாகக் கண்ணில் படாது. முனை முழுசாக வாய்க்குள் போய்விட்ட திருப்தியில் பிள்ளை உதட்டைக் குவித்துக்கொண்டு நுனியை மட்டுமே சப்பிக்கொண்டிருக்கலாம். கருவட்டம் வெளியிலேயே நின்றுவிடும். அரை மணி நேரம் வாய் அசையும், தொண்டை அசையாது. மார்பு காலியாகாது. பத்து நாள் கழித்து "பால் வத்திப்போச்சு" என்று ஒரு பேச்சு வரும்.

எவ்வளவு பால் குறைகிறது என்று அளந்து பார்த்தவர்கள் உண்டு. அதைச் சொல்வதற்கு முன், இந்தக் கருவியின் பழைய கதை கொஞ்சம் அவசியம். ஐரோப்பாவில் இது பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. மரம், தந்தம், வெள்ளி, கண்ணாடி என்று எல்லாவற்றிலும் செய்து பார்த்திருக்கிறார்கள். சில வகைகளில் கன்றீனாத பசுவின் காம்பைப் பதப்படுத்தி மேலே கட்டியிருந்தார்கள். ரப்பர் வருவதற்கு முன் வேறு வழி இருக்கவில்லை. இவற்றில் கொடுமையானது காரீய உறை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் டாக்டர் வான்ஸ்பரோ என்ற பெயரில் விளம்பரப்படுத்தி விற்ற உலோக உறைகள் காரீயத்தால் ஆனவை. பால் கொடுக்காத நேரத்தில் காம்பின் மேல் மாட்டிக்கொண்டால் வெடிப்பு ஆறும் என்பது வாக்குறுதி. காரீய உப்புகளைப் புண்ணுக்குப் போடுவது அந்தக் கால வைத்தியத்தில் சாதாரணம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கசிந்த பாலோடு சேர்ந்து காரீயம் கரையும். அடுத்த முறை பிள்ளை வாய் வைக்கும்போது அதுவும் உள்ளே போகும். வளரும் மூளைக்குக் காரீயம் எப்பேர்ப்பட்ட நஞ்சு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவின் வலி குறைந்ததை எல்லாரும் பார்த்தார்கள், பிள்ளைக்குள் என்ன போகிறது என்று யாரும் பார்க்கவில்லை.

20ஆம் நூற்றாண்டில் கனமான ரப்பர் உறைகள் வந்தன. அகன்ற விளிம்பும் தூக்கிய நடுப்பகுதியுமாக இருந்ததால் அவற்றுக்கு 'மெக்சிகோ தொப்பி' என்றே பெயர். 1980இல் இங்கிலாந்தில் வுல்ரிட்ஜ், பாம், ட்ரூவெட் மூவரும் இதை அளவுகோலோடு அணுகினார்கள். மெக்சிகோ தொப்பியை வைத்துக் குடித்த பிள்ளைகளுக்குப் போன பால் 58 சதவீதம் குறைந்தது. புதிதாக வந்திருந்த மெல்லிய லேடெக்ஸ் உறையில் குறைவு 22 சதவீதம். மெக்சிகோ தொப்பியில் சப்பும் தாளமும் மாறியிருந்தது. ஷீல்டு என்றாலே முகம் சுளிக்கும் ஒரு தலைமுறை மருத்துவர்களும் செவிலியர்களும் உருவானதற்கு இப்படிப்பட்ட அளவீடுகள் முக்கியக் காரணம். அவர்கள் பார்த்த பொருளுக்கு அந்தத் தீர்ப்பு நியாயமானதே.

இன்றைய உறை அதுவல்ல. சிலிக்கான் மிக மெல்லியதாக வந்த பிறகு கணக்கு மாறியது. சிக்காகோவில் பவுலா மையர் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வு குறைமாதப் பிள்ளைகள் 34 பேரைப் பற்றியது. உறை இல்லாமல் நேரடியாகக் குடித்தபோது ஒரு வேளைக்கு அவர்களுக்குப் போன பால் சராசரியாக 3.9 மில்லிலிட்டர். உறையோடு குடித்தபோது 18.4 மில்லிலிட்டர். முன்னே பாலைத் தடுத்த கருவி இங்கே நாலு மடங்குக்கும் மேல் கூட்டிக் கொடுக்கிறது. காரணம் மேலே சொன்ன அந்த அடிப்படை இழுப்பு. குறைமாதப் பிள்ளைக்கு அந்தப் பலம் போதாது. இரண்டு சப்பு சப்பிவிட்டு மூச்சு வாங்க நிறுத்தும்போதே காம்பு நழுவிவிடும். உறை நழுவுவதில்லை. நிறைமாதப் பிள்ளைகளைப் பற்றியும் இலானா செர்டாக் 2009இல் எழுதினார்: மெல்லிய உறையோடு குடித்த பிள்ளைகளுக்கும் உறை இல்லாமல் குடித்தவர்களுக்கும் இரண்டு மாதம் வரை எடை ஏறுவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? 2017இல் டென்மார்க்கிலிருந்து வந்த 4,815 தாய்மார்களைக் கேட்டு எழுதிய பெரிய ஆய்வு ஒன்று குட்டையை மறுபடி கலக்கியது. அவர்களில் 22 சதவீதத்தினர் தொடக்கத்தில் ஷீல்டு வைத்திருந்தார்கள். அப்படி வைத்தவர்கள், வைக்காதவர்களைவிடச் சீக்கிரமே தாய்ப்பால் மட்டும் கொடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். செய்தித் தலைப்பு எழுதுபவருக்கு இது போதும். ஆனால் ஷீல்டு வாங்கியவர் யார்? காம்பு புண்ணானவர், பிள்ளை பிடிக்காமல் தவித்தவர், முதல் பிரசவக்காரர். அவர் ஷீல்டு இல்லாமலே இருந்திருந்தாலும் சீக்கிரம் நிறுத்தியிருக்கக்கூடியவர். நிறுத்தியதற்குக் காரணம் உறையா, உறையைத் தேட வைத்த தொல்லையா என்று இந்த மாதிரி ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. என் கணிப்பில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். தொல்லைக்கு மூலம் என்ன என்று பார்க்காமல் உறையை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினால், தொல்லை அப்படியே இருக்கும், மேலே ஒரு மூடி மட்டும் இருக்கும்.

மூலம் என்ன என்று பார்ப்பது பல நேரம் கடினமே இல்லை. "காம்பே இல்லை" என்ற புகாரை எடுத்துக்கொள்வோம். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2019-21இல் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். சிசேரியனில் நடப்பதுபோலப் பிரசவ நேரத்தில் நரம்பு வழியாக நிறைய திரவம் ஏற்றினால், காலில் வீக்கம் வருவதைப்போலக் கருவட்டத்திலும் நீர் கோத்துக்கொள்ளும். அதன்மேல் மூன்றாம் நாள் பால் கட்டும். ஒழுங்காக இருந்த காம்பே உள்ளே அமுங்கித் தட்டையாகத் தெரியும். இதற்கு உறை வேண்டாம், விரல்கள் போதும். காம்பின் அடியைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து, நெஞ்செலும்புப் பக்கமாக மெதுவாக, வலிக்காத அளவுக்கு, ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தால் நீர் பின்னால் விலகி அந்த இடம் குழைந்துவிடும். அந்தக் கையோடு பிள்ளையைப் போட்டால் பிடித்துக்கொள்ளும். வார்டில் அனுபவப்பட்ட சிஸ்டர்கள் இதோடு இன்னொன்றும் செய்வார்கள்: "அவசரப்படாதம்மா, நல்லா வாயத் தொறக்கட்டும், அப்ப வை" என்று சொல்லி, பிள்ளையின் மேலுதட்டைக் காம்பால் தொட்டுத் தொட்டு, கொட்டாவி அளவுக்கு வாய் திறந்ததும் முதுகைப் பிடித்து மார்போடு சேர்த்துவிடுவார்கள். மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோகாமல் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவருவதில்தான் சூட்சுமம்.

உண்மையாகவே உள்ளிழுத்த காம்பு உள்ளவர்களும் உண்டு. கருவட்டத்தின் ஓரத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்தினால், தட்டைக் காம்பு வெளியே வரும். உள்ளிழுத்த காம்பு இன்னும் உள்ளே போகும். இதற்குக் கர்ப்பத்திலேயே ஏதாவது செய்துவைக்க வேண்டும் என்று முன்பு காம்பை இழுத்துவிடும் பயிற்சிகளும், உள்ளாடைக்குள் வைக்கும் பிளாஸ்டிக் சிப்பிகளும் பரிந்துரைத்தார்கள். சிப்பி வேறு, ஷீல்டு வேறு. கடைக்காரர்களே இரண்டையும் குழப்புகிறார்கள். 1992இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த சோதனை, பயிற்சி, சிப்பி இரண்டாலும் பயனில்லை என்று காட்டியது. சிப்பியைப் பரிந்துரைப்பது தாய்ப்பால் கொடுக்கும் வாய்ப்பையே குறைக்கக்கூடும் என்றும் எச்சரித்தது.

பயன் தந்தது நம் பக்கத்திலிருந்து வந்த ஒரு யோசனை. கர்நாடகத்தின் தாவணகெரேயில் குழந்தை மருத்துவர் கேசரியும் அவர் சகாக்களும் 1993இல் அமெரிக்கப் பாலூட்டல் ஆய்விதழ் ஒன்றில் எழுதியது இது: சாதாரண ஊசி போடும் சிரிஞ்சை எடுத்து, ஊசி மாட்டும் முனைப் பக்கத்தை வெட்டிவிடு. பிஸ்டனை உருவி, வெட்டிய பக்கம் வழியாக உள்ளே செலுத்து. வெட்டாத பக்கத்தின் மழமழப்பான விளிம்பு இப்போது தாய்ப் பக்கம். அதைக் காம்பின் மேல் வைத்துத் தாயே பிஸ்டனை மெதுவாக இழுத்தால் காம்பு வெளியே வரும். அரை நிமிஷம், ஒரு நிமிஷம் பிடித்துவிட்டு உடனே பிள்ளையைப் போட வேண்டும். வலித்தால் நிறுத்திவிட வேண்டும். வெட்டிய கரடுமுரடான பக்கம் தோலில் படவே கூடாது. பத்து மில்லி, இருபது மில்லி சிரிஞ்சின் விலை சில ரூபாய். நம் அரசு மருத்துவமனை வார்டுகளிலும் கையாளும் முறை இது. பளபளப்பான பெட்டியில் இறக்குமதியாகும் பொருளுக்கு இருக்கும் மவுசு இதற்கு இல்லை.

முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு ஷீல்டு பொருந்தாததற்கு இன்னொரு காரணம் சீம்பால். அது கெட்டி, அளவும் கொஞ்சம், ஒரு வேளைக்குத் தேக்கரண்டிக் கணக்கு. அந்தத் துளிகள் உறையின் உட்பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கையால் பீய்ச்சி எடுத்துப் பாலாடையில் புகட்டுவது அப்போது எவ்வளவோ மேல். நம் பாட்டிமார் கைக்குப் பழகிய அந்தப் பாலாடை, இன்று இந்தியப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் புட்டிக்குப் பதிலாக வைத்திருக்கும் கருவி. உலக மருத்துவ இதழ்களிலும் அதே பெயரில்தான் எழுதுகிறார்கள். குறைமாதப் பிள்ளைக்கும் கொடுக்கலாம், கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்வதும் சுலபம். புரையேறாமல் இருக்கப் பிள்ளையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, உதட்டோரத்தில் வைத்து, பிள்ளை விழுங்க விழுங்கக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஷீல்டு தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள். குறைமாதப் பிள்ளை, சிரிஞ்சுக்கும் மசியாத காம்பு, வாரக்கணக்கில் புட்டியிலேயே குடித்துப் பழகி மார்பை மறுக்கும் பிள்ளை, வலி தாங்காமல் நாளைக்கே நிறுத்திவிடலாம் என்ற முடிவுக்கு வந்துவிட்ட தாய். இவர்களிடம் "செயற்கைப் பொருள் எதற்கு" என்று தத்துவம் பேசுவது இரக்கமில்லாத வேலை. உறையோடு குடித்தாலும் அது தாய்ப்பால்தான். பிள்ளை இருப்பது மார்பில்தான். புட்டிக்குப் போனவளைத் திரும்ப அழைத்து வருவதைவிட உறையோடு இருப்பவளை உறையிலிருந்து விடுவிப்பது எளிது.

வைக்கிற விதம் முக்கியம். அளவு பெரும்பாலும் 16, 20, 24 மில்லிமீட்டர் என்று வரும். காம்பின் அடி தாராளமாக நுழைய வேண்டும், பிள்ளையின் சின்ன வாயும் கொள்ள வேண்டும். முனை நீளமாக இருந்தால் பிள்ளைக்கு ஓங்கரிப்பு வரும். அப்படியே மேலே ஒட்டவைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. விளிம்பைப் பின்பக்கமாக மடித்து, முனையைப் பாதி உள்ளே தள்ளி, காம்பின் நடுவில் வைத்து, பிறகு விளிம்பைப் பிரித்து விரித்தால், உறை மீளும்போது காம்பையும் தன்னோடு உள்ளே இழுத்துக்கொள்ளும். உட்பக்கத்தை வெதுவெதுப்பான தண்ணீரால் ஈரமாக்கிக்கொண்டால் நழுவாது. முனைக்குள் நாலு சொட்டுப் பாலைப் பீய்ச்சி வைத்தால் முதல் சப்பிலேயே பிள்ளைக்குக் கூலி கிடைக்கும். பிள்ளை பிடிக்கும்போது வாய் விரிந்து, உதடுகள் முனையில் அல்ல, அகன்ற விளிம்பின் மேல் படிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், பெட்டியில் சொன்னபடி கொதிக்கவைக்க வேண்டும். வெடிப்பு விழுந்த காம்பும், ஈரமும், காய்ந்த பாலும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

பால் போகிறதா என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு மூன்று சப்புக்கு ஒரு விழுங்கல் சத்தம் கேட்க வேண்டும். குடித்து முடித்தபின் உறையின் முனைக்குள் பால் நிற்க வேண்டும். கல்லாக இருந்த மார்பு தளர வேண்டும். ஐந்தாம் நாள் முதல் நாளொன்றுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேல் தராசு. பிறந்த பிள்ளைகள் முதல் சில நாட்களில் கொஞ்சம் எடை இழப்பது இயல்பு. ஏழு முதல் பத்து சதவீதம் என்பது எல்லை. பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, பிறகு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். ஷீல்டு வைத்துக் கொடுப்பவர் முதல் மாதத்தில் வாரம் ஒரு முறையாவது ஆரம்ப சுகாதார நிலையத்திலோ குழந்தை மருத்துவரிடமோ எடை பார்க்காமல் இருக்கக் கூடாது. அதே தராசில், அதே அளவு துணியோடு பார்ப்பது நல்லது. எடை ஏறவில்லை என்றால், ஒவ்வொரு வேளையும் கொடுத்து முடித்தபின் மீதியைக் கையாலோ பம்பாலோ எடுத்துப் பாலாடையில் புகட்ட வேண்டும். பிள்ளைக்கு வயிறு நிறையும். மார்பு காலியாவதால் சுரப்பும் படுக்காது. நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறதா என்று மருத்துவர் ஒரு முறை விரல் விட்டுப் பார்ப்பதும் அப்போதுதான் நடக்க வேண்டும்.

உறையை விடுவதற்கு நாள் குறிக்கத் தேவையில்லை. குறைமாதப் பிள்ளை என்றால் பொதுவாகப் பிரசவத் தேதி கணக்குப்படி நிறைமாதம் எட்டும் வரை அவசரப்பட வேண்டாம். மையரின் ஆய்வில் பயன்படுத்திய காலம் சராசரியாக ஒரு மாதத்துக்குச் சற்று அதிகம். முயற்சிக்கு நல்ல நேரம் பிள்ளை அழும் நேரம் அல்ல, அரைத் தூக்கத்தில் இருக்கும் நேரம். உறையோடு தொடங்கி, பால் பாய ஆரம்பித்து, காம்பு நன்றாக நீண்டபின், சட்டென்று உறையை எடுத்துவிட்டுப் பிள்ளையை அதே இடத்தில் போட வேண்டும். பிடித்தால் சரி. மறுத்தால் வம்பு செய்யாமல் உறையை மறுபடி வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பிள்ளை மார்பைக் கண்டாலே திமிறக் கற்றுக்கொள்ளும். முனையை நாளுக்குக் கொஞ்சமாகக் கத்தரிக்கச் சொன்னது ரப்பர் காலத்து யோசனை. வெட்டிய சிலிக்கானின் ஓரம் பிள்ளையின் வாயைக் கிழிக்கும், அதைச் செய்யவே கூடாது. சில பிள்ளைகள் ஒரே வாரத்தில் விட்டுவிடும், சில மூன்று நான்கு மாதம் வரை விடாது. எடை ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தால் அந்த மூன்று நான்கு மாதத்தால் பிள்ளைக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஊருக்குப் போகும்போது கைப்பையில் ஒரு உறை கூடுதலாகப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.